மீன்பிடித் தடைக்காலம்: கடலுக்கே போகாத நமக்கு எவ்வளவு அடி?

கொலாபா கயிற்றுக்கடை (இழையைத் தொடங்கியவர்) | ஜூன் 8, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இந்த மும்பைத் தமிழர் மன்றத்தில் வழக்கமாக வாடகை வீடு, தட்கல் டிக்கெட், பள்ளி அட்மிஷன் பற்றித்தான் பேச்சு ஓடும். இன்று ஒரு கடைக்காரனின் புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலாபாவில் சசூன் டாக் மீன்பிடித் துறைமுக வாசலில் இருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. அப்பா ஆரம்பித்தது. கயிறு, வலை நூல், மிதவை, தார்ப்பாய், கம்பூட், ரப்பர் கையுறை, ஷாக்கிள், பேட்டரி எல்லாம் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாகப் படகுக்காரர்களை நம்பித்தான் பிழைப்பு. ஆனால் நான் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவன் இல்லை. எலிபெண்டாவுக்கு லாஞ்சில் போனபோதே வாந்தி எடுத்த ஆள். அப்படியும் ஜூன் 1 ஆனால் விசைப்படகோடு சேர்ந்து என் கல்லாவும் கரையேறி உட்கார்ந்துகொள்கிறது.

மேற்குக் கரையில் விசைப்படகு மீன் பிடிக்கத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். "ரெண்டு மாசம்தானே, சமாளிக்கலாமே" என்று மாதுங்காவில் இருக்கும் என் மச்சினர் வருடா வருடம் சொல்வார். அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். என் கணக்கு வேறு. ஜூன் முதல் வாரம் வியாபாரம் ஓடும், ஏனென்றால் படகைக் கட்டிப்போடக் கயிறும் மூடிவைக்கத் தார்ப்பாயும் வேண்டும். அப்புறம் கலாசிகள் (படகு வேலையாட்கள்) ஊருக்குப் போய்விடுவார்கள். கடையில் ஈ ஓட்டலாம் என்றால், மீன் இல்லாததால் ஈயும் இருக்காது. ஜூலை 20க்கு மேல் திடீரென்று கூட்டம். வலை பொத்த நூல், புதுக் கயிறு, மிதவை என்று அள்ளுவார்கள். கையில் காசோடு வருகிறவர் பத்தில் இரண்டு பேர், மற்றதெல்லாம் உதார் (கடன்). நோட்டில் படகு நம்பரும் தாண்டேல் (படகுத் தலைவர்) பெயரும் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்தப் பணம் திரும்பி வருவது செப்டம்பரில், அதுவும் முதல் இரண்டு மூன்று மீன்பாடு நன்றாக அமைந்தால். ஆக, தடை என்னவோ 61 நாள்தான். எனக்குப் பணம் முடங்குவது நூறு நாளுக்கு மேல். எனக்கு நூல் அனுப்புகிறவர் நூறு நாள் பொறுக்கமாட்டார்.

மகன் கடையை மூடிவிட்டு கார்கர் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை போடலாம் என்கிறான். கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, தடைக்காலம் கிடையாது என்கிறான். இந்தத் துறையை ஒட்டிப் பிழைக்கிற வேறு ஆட்கள் இங்கே இருக்கிறீர்களா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ராஜி சயான் | ஜூன் 8, இரவு 11:15

அண்ணா, நானும் அந்த லிஸ்டில் உண்டு. சயானில் மெஸ். மீன் குழம்பு சாப்பாடுதான் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பாவ் பாஜி விற்றால் யாரும் எங்களைத் தேடி வரமாட்டார்கள்.

ஆனால் எனக்கு மோசமான காலம் முழு இரண்டு மாதம் இல்லை. நம்ம ஊர்க் கிழக்குக் கரைக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே ஜூன் 1 முதல். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக் கிடப்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். 15ஆம் தேதி அங்கே படகு இறங்கினால் இரண்டு மூன்று நாளில் தெர்மாகோல் பெட்டி ரயிலில் ஏறிவிடும். பெட்டி ஒழுகினால் ரயில்வேயில் ஏற்றமாட்டார்கள், அது தனி ரோதனை. இப்போது, அதாவது இந்த வாரம், ஆந்திராவில் இருந்து வரும் ரோகு, கட்லாவை வைத்து ஓட்டுகிறேன். ஆற்று மீனைப் புளிக்குழம்பில் போட்டால் நம்ம ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் வறுவல் மட்டும். மற்ற நாளில் கருவாட்டுக் குழம்பு. பொம்பில் கருவாடு மே மாதமே வாங்கி வைத்துவிட்டேன்.

சொல்ல வந்தது, தடையில் எல்லோருக்கும் நஷ்டம் இல்லை. கருவாட்டுக்காரிக்கும் கோழிக்கடைக்காரருக்கும் இதுதான் தீபாவளி.

அமோனியா அண்ணாச்சி | ஜூன் 9, காலை 6:05

கயிற்றுக்கடை தம்பி, உன் சரக்காவது அலமாரியில் தூங்கும், அழுகாது. ஐஸ் கம்பெனியை நினைத்துப் பார். 22 வருடம் ஐஸ் பிளாண்டில் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே. அதற்குள் வரிசையாகத் தகர கேன். கேனில் நல்ல தண்ணீர். அமோனியா கம்ப்ரஸர் உப்புத் தண்ணீரைக் குளிரவைக்க, அது கேனைக் குளிரவைக்கும். பெரிய பார் உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். உறைந்த கேனை கிரேனில் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவோம். ஓரம் லேசாக உருகும். கவிழ்த்தால் 'சளக்'கென்று வழுக்கிக்கொண்டு ஐஸ் பார் வெளியே ஓடும். புதுப் பையன் காலை நடுவில் வைத்தால் எலும்பு போச்சு. 136 கிலோ.

மீன் ஒரு கிலோ என்றால் ஐஸும் ஒரு கிலோ வேண்டும், நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் கணக்கு. பத்துப் பதினைந்து நாள் தங்கலுக்குப் போகிற படகு டன் கணக்கில் ஏற்றும். அப்புறம் ஏலக்கூடத்துக்கு ஐஸ், லாரிக்கு ஐஸ், தலோஜா ஏற்றுமதி கம்பெனிக்கு ஐஸ். மீன் நின்றால் எல்லாமே நின்றுபோகும். சர்பத் கடைக்கு விற்கலாம் என்றால் ஜூன் மழையில் யார் சர்பத் குடிப்பது? மீன் ஐஸை மனிதர் வாயில் போடவும் கூடாது. ஆனால் கரண்ட் பில்லில் டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று இருக்கிறது. பிளாண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியே ஆகவேண்டும். முதலாளி அந்தப் பில்லைப் பார்க்கும் நாளில் நாங்கள் யாரும் எதிரில் போகமாட்டோம்.

சமாளிப்பது எப்படி என்றால், அந்த இரண்டு மாதத்தில்தான் தொட்டி ஓட்டையை அடைப்பது, கேனுக்குப் பெயின்ட், கம்ப்ரஸர் பிரித்துப் பூட்டுவது. எங்களுக்கு வேலை இருக்கும். பார் இழுக்கிற லோடுமேனுக்கு இருக்காது. அவன் ஊருக்குப் போய் நாற்று நடுவான்.

செம்பூர் கணக்குப்பிள்ளை | ஜூன் 9, மதியம் 1:20

யாரும் கோபப்பட வேண்டாம். ஒரு கேள்வி. மும்பை பொருளாதாரத்தில் மீன் எத்தனை பங்கு? வங்கி, பங்குச்சந்தை, சினிமா, துறைமுகம், ஐடி எல்லாம் இருக்கிற ஊர் இது. சசூன் டாக்கை 1875ல் கட்டியதே பருத்தி வியாபாரத்தை மனதில் வைத்து. மீன் பின்னால் வந்த குடித்தனக்காரர். நாளைக்கு மீன் வராவிட்டால் நகரம் ஒரு நிமிடம் நிற்குமா?

நாட்டுக் கணக்கையும் பாருங்கள். கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2024ல் இந்தியாவில் கரைக்கு வந்த கடல் மீன் சுமார் 34.7 லட்சம் டன். முதல் மூன்று இடம் குஜராத், தமிழ்நாடு, கேரளம். மகாராஷ்டிரம் அதில் இல்லை. 2023-24ல் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால். அந்த இறாலிலும் பெரும்பகுதி ஆந்திராப் பக்கத்துப் பண்ணைக் குளத்தில் வளர்ந்தது. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

கொலாபா கயிற்றுக்கடை | ஜூன் 9, இரவு 9:50

சார், மும்பை நிற்காது, சரி. செம்பூரில் உங்கள் வீட்டு லிஃப்ட்கூட நிற்காது. ஆனால் என் கடையில் இருந்து ஐந்நூறு மீட்டர் சுற்றளவில் நடந்து பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு டீ விற்கிறவர், கூடை தூக்குகிறவர், டெம்போ ஓட்டுகிறவர், இறால் உரிக்கிற பெண்கள், எஞ்சின் மெக்கானிக், லேத் பட்டறை, தராசுக்கு முத்திரை போட ஆள் கூட்டி வருகிறவர், கோலிப் (இந்த ஊர்ப் பூர்வீக மீனவர்) பெண்களுக்குக் கூடையும் கத்தியும் விற்கிறவர், அவர்களை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற டாக்ஸி (சாதாரண டாக்ஸிக்காரர் மீன் கூடையை ஏற்றமாட்டார், அதற்கென்று சிலர் இருக்கிறார்கள்). உங்கள் சராசரியில் நாங்கள் கரைந்துபோகிறோம். எங்கள் தெருவில் சராசரி என்று ஒன்று இல்லை, படகு வந்ததா வரவில்லையா, அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் ஜூனில் பாலைக் கால்வாசியாகக் குறைக்கிறார். பால்காரர் அதை எந்த மீன் கணக்கில் எழுதுவார்?

13 காம்பவுண்ட் | ஜூன் 10, நள்ளிரவு 12:30

தாராவியில் இருந்து. எங்கள் காலாவில் (பட்டறையில்) பழைய பிளாஸ்டிக்கைப் பொடியாக்கி, உருக்கி, குருணையாக்குகிறோம். டாக்கில் உடையும் மீன் கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) எங்களுக்கு நல்ல சரக்கு. நைந்துபோன நைலான் வலை தனி விலை. கழுவுவதற்குத்தான் உயிர் போகும், எத்தனை தண்ணீர் விட்டாலும் கவிச்சி போகாது. அந்தச் சரக்கு வந்திருக்கிறது என்பது சந்து முனையிலேயே தெரிந்துவிடும்.

ஜூனில் கிரேட் வராது. ஆனால் வலை நிறைய வரும், ஏனென்றால் வலை மாற்றுகிற காலம் அது. அதனால் எனக்குத் தடைக்காலம் பாதி நஷ்டம், பாதி லாபம். கயிற்றுக்கடை அண்ணன் விற்ற நூல்தான் நாலு வருடம் கழித்து என் மிஷினில் விழுகிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

தூத்தூர் கடலோடி | ஜூன் 10, இரவு 8:15

எல்லோரும் கரையில் இருந்து பேசுகிறீர்கள். நான் கடல் பக்கம். கன்னியாகுமரி மாவட்டம். ஆழ்கடல் படகு. கொச்சி, மங்களூர், ரத்னகிரி, மும்பை, எங்கே விலை இருக்கிறதோ அங்கே கரை பிடிப்போம். இப்போது தடையில் வாஷியில் அக்கா வீட்டில் இருக்கிறேன்.

கரை எங்களை நம்பியிருக்கிறது என்கிறீர்கள். நாங்கள் கரையிடம் மாட்டியிருக்கிறோம் என்பதையும் எழுதுங்கள். ஒரு தங்கலுக்கு ஆகிற செலவில் பாதிக்கு மேல் டீசல். அப்புறம் ஐஸ், அரிசி, தண்ணீர், தூண்டில் என்றால் இரை. அந்தப் பணத்தை முன்பணமாகத் தருகிறவர் தரகர். வட்டி கேட்கமாட்டார், நல்ல மனிதர் மாதிரி இருக்கும். ஆனால் மீன் அவர் மூலமாகத்தான் ஏலம் போகவேண்டும். அவருக்குக் கமிஷன், எடையில் கழிவு. பக்கத்துத் துறைமுகத்தில் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட விலை என்று வயர்லெஸ்ஸில் கேட்டாலும் போகமுடியாது. அதுதான் வட்டி.

ஆழ்கடலுக்குப் போகிற நூறு படகு ஒரு வருடம் வேறு துறைமுகத்துக்குப் போனால் இங்கே ஐஸ் கம்பெனி மூடவேண்டியதுதான் என்பது உண்மை. ஆனால் அந்த நூறு படகும் கடனை அடைத்தால்தானே போகும்.

2017 ஒக்கி புயலில் எங்கள் ஊர் இழந்தது உங்களுக்குத் தெரியும். அப்போது பல படகுகள் காற்றில் அடித்துக்கொண்டு மகாராஷ்டிரத்தில் தேவ்கட் பக்கம் கரை சேர்ந்தன. முன்னே பின்னே பார்த்திராத ஆட்கள் சோறு போட்டார்கள். கரை என்றால் எனக்கு அதுவும் நினைவுக்கு வரும், அதனால் முழுக்கத் திட்டவும் முடியவில்லை.

ராஜி சயான் | ஜூன் 10, இரவு 9:02

தம்பி, எடையில் கழிவு என்றால் என்ன?

தூத்தூர் கடலோடி | ஜூன் 10, இரவு 9:20

அக்கா, கூடையில் ஐஸும் தண்ணீரும் இருக்கும் என்று சொல்லி ஒரு கணக்கைக் கழிப்பார்கள். ஐஸைத் தட்டிவிட்ட பிறகும் கழிப்பார்கள்.

நெறியாளர் | ஜூன் 11, காலை 10:00

கட்சி அரசியல் பேசிய மூன்று பதில்களும், வெளிமாநிலத்தவர் பற்றிய ஒரு பதிலும் நீக்கப்பட்டன. வியாபாரம் பேசுங்கள்.

வாஷி வங்கிக்காரர் | ஜூன் 11, மாலை 7:40

நான் கடன் பிரிவில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்.

கிசான் கிரெடிட் கார்டை 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிர அமைச்சரவை மீன்வளத்துக்கு விவசாய அந்தஸ்து கொடுத்தது. தடைக்கால உதவியாக மத்தியத் திட்டத்தில் மீனவர் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து மூன்று மாதத்தில் 4,500 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டில் தனியாகக் குடும்பத்துக்கு 8,000. போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் எல்லாமே 'மீனவர்' என்ற சொல்லைச் சுற்றித்தான். கயிற்றுக்கடைக்காரர் வியாபாரி. ஐஸ் லோடுமேன் தினக்கூலி. இறால் உரிக்கிற அம்மா எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்.

அண்ணே, உங்கள் நோட்டுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டி ஓவர்டிராஃப்ட் கேட்டால் எங்கள் மேனேஜர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் எங்கே என்பார். அதில் ஜூன், ஜூலை இரண்டும் படுத்திருக்கும். "பிசினஸ் ஸ்டெடியா இல்லையே" என்று பேனாவை மூடிவிடுவார். வருடா வருடம் அதே இரண்டு மாதம் படுத்து, அதே ஆகஸ்டில் எழுந்தால் அதுதானே ஸ்டெடி? நான் இரண்டு முறை குறிப்பு எழுதிப் பார்த்துவிட்டேன்.

மஸ்காவ் மருமகள் | ஜூன் 12, மதியம் 3:10

இறால் உரிக்கிறவர்கள் பற்றி யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று பார்த்தேன். நானே எழுதுகிறேன். எங்கள் சாலில் (வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டுப் பெண் போகிறார். தெலுங்குக்காரர். விடிகாலை மூன்றரைக்கு ஷேர் டாக்ஸி. குந்தி உட்கார்ந்து, தலையைத் திருகி, ஓட்டை உருவி, ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். கூலி எடைக்கு. சின்ன இறால் என்றால் கிலோ சேர நேரம் பிடிக்கும், அதனால் அன்றைக்குக் கூலி குறையும். சின்ன இறால் வருவது அவர் தப்பா? மத்தியானம் வந்து என் போனைப் பேச வாங்குவார், ஏனென்றால் அவர் போனில் விரலைத் தேய்த்தால் திரை நகராது. விரல் நுனி ஊறி, வெளுத்து, ரேகை போய்விட்டது. ரேஷன் கடையில் கைரேகை மிஷினும் அவரை ஒத்துக்கொள்ளாது. தடைக்காலத்தில் வீட்டு வேலைக்குப் போவார். ஜூலை முடியும்போது ரேகை திரும்பி வந்திருக்கும். அவரே சிரித்துக்கொண்டு காட்டினார்.

செம்பூர் கணக்குப்பிள்ளை | ஜூன் 12, இரவு 10:30

அந்த ரேகை விஷயம் படித்தபின் பேச்சு வரவில்லை. என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

வேலை விஷயமாக முன்பு கனடாக் கோப்புகள் பார்த்தபோது தெரிந்துகொண்டது. நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலையில் காட் மீன் பிடிக்கத் தடை போட்டார்கள். இரண்டு வருடம் என்று சொன்னார்கள். வேலை போனது சுமார் 30,000 பேருக்கு, அதில் கரையில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் இருந்தவர்களும் ஏராளம். இரண்டு வருடம் 32 வருடமாகி, 2024ல்தான் வணிக மீன்பிடிப்புக்கு மறுபடி திறந்தார்கள். அதற்குள் பல ஊர் காலி. அங்கே மீனைத் தவிர வேறு வேலை இல்லை.

மும்பையில் வேறு வேலை உண்டு என்பதுதான் வித்தியாசம். ஆனால் 61 நாள் தடை அந்த மாதிரி ஆகாமல் இருப்பதற்காகப் போடுவது. மீன் குஞ்சு பொரிக்க விட்டால்தான் உங்களுக்கு அடுத்த வருடம் நூல் விற்கும். ஆகவே தடையைக் குறை சொல்லாதீர்கள்.

கொலாபா கயிற்றுக்கடை | ஜூன் 12, இரவு 11:45

தடையை நான் குறை சொல்லவே இல்லை சார். அது தேதி தெரிந்த நஷ்டம், சீட்டுப் போட்டு வைக்கலாம். என் அப்பா தீபாவளிக்கு அடுத்த வாரமே ஜூனுக்கென்று தனி டப்பாவில் பணம் போட ஆரம்பிப்பார். இங்கே மீனவர் சங்கங்களே ஆகஸ்ட் 15 வரை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கின்றன. பழைய கோலிக்காரர்கள் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்டபிறகுதான் வலை போடுவார்கள், அதற்குமுன் கடலில் கால் வைக்கமாட்டார்கள்.

என்னைச் சாய்த்தது தேதி தெரியாத நாட்கள். 2019ல் சீசன் நல்லபடி தொடங்கவேண்டிய நேரத்தில் அக்டோபர் கடைசியில் கியார் புயல், அது போவதற்குள் மஹா. படகெல்லாம் கரையில். உதார் கொடுத்தது அப்படியே நின்றது. சரி, மார்ச்சில் பிடித்துவிடலாம் என்று பார்த்தால் லாக்டவுன். 2021 மே 17ல் டௌக்டே புயல், தடைக்கு இரண்டு வாரம் முன்னால், கடைசி மீன்பாட்டுக் காசு வரவேண்டிய நாளில். ஒரு படகுக்காரர் அப்போது வைத்த பாக்கி இன்னும் நோட்டில் இருக்கிறது. அவரைப் பார்த்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். அவரும் திருப்பிக்கொள்கிறார். கடன் கொடுத்தவன் நான் ஏன் ஒளியவேண்டும் என்று மனைவி கேட்கிறாள். அந்தப் படகே போய்விட்டது, எதைக் கேட்பது?

அமோனியா அண்ணாச்சி | ஜூன் 13, காலை 5:50

தம்பி, மகனைப் பற்றிக் கேட்டாய், எல்லோரும் மறந்துவிட்டோம். கடையை மூடாதே, ஆனால் ஒரே துறையை நம்பாதே. கயிறு கட்டடக்காரனுக்கும் வேண்டும். தார்ப்பாய் மழையில் மும்பை முழுக்க வேண்டும், அதுவும் சரியாக ஜூனில். கம்பூட்டும் அப்படித்தான். உன் படகுக் காலம் படுக்கிற மாதம்தான் நகரத்துக்கு உன் சரக்கு வேண்டிய மாதம். இதைச் சொல்ல எலெக்ட்ரிக்கல் கடை எதற்கு?

கொலாபா கயிற்றுக்கடை | ஜூன் 13, காலை 9:30

அண்ணாச்சி, முப்பது வருடமாக ஜூனில் தார்ப்பாயைப் படகுக்கு மட்டும் விற்றிருக்கிறேன். மகனிடம் இதைக் காட்டினேன். "நான் இதைத்தானே மூணு வருஷமா சொல்றேன்" என்றான். அவன் சொன்னபோது எலெக்ட்ரிக்கல் என்று மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது.

கொலாபா கயிற்றுக்கடை | ஆகஸ்ட் 2, இரவு 10:15

கேட்டவர்களுக்காக. நேற்று படகு இறங்கிவிட்டது. மழை மாதத்தில் தார்ப்பாய் ஓரளவு போனது, தாதரில் இரண்டு கட்டடக்காரர்கள் ரொக்கத்துக்கு எடுத்தார்கள். கம்பூட் எதிர்பார்த்த அளவு போகவில்லை, எட்டாம் நம்பர் மட்டும் தீர்ந்துவிட்டது. ஜூலை கடைசியில் வழக்கம்போல உதார். நோட்டு மூன்று பக்கம் நிறைந்தது. இந்த முறை மகன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான், வங்கிக்காரர் சார் கேட்டால் காட்டலாம் என்று. 2021 பாக்கிக்காரர் வேறொருவர் படகில் தாண்டேலாக ஏறியிருக்கிறார். கடைக்கு வந்து இரண்டு கிலோ நூல் வாங்கி, அதற்கு மட்டும் ரொக்கம் கொடுத்தார். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ராஜி சயான் | ஆகஸ்ட் 2, இரவு 10:31

அண்ணா, அதெல்லாம் இருக்கட்டும். வவ்வால் மீன் வந்ததா, என்ன விலை?

கொலாபா கயிற்றுக்கடை | ஆகஸ்ட் 2, இரவு 10:40

தூரம் போன படகு எதுவும் இன்னும் திரும்பவில்லை அக்கா. பக்கத்தில் போனது மட்டும் நாளைக் காலை வரும். ஐந்து மணிக்கு வாருங்கள், பையும் குடையும் எடுத்துக்கொண்டு. எட்டாம் நம்பர் கம்பூட் கேட்காதீர்கள்.